அச்சத்துக்கு மாத்திரை இல்லை

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் மனநலமே என் ஆய்வு. உடல் நடுங்கி, நெஞ்சடைத்து, கதறி அழும் நிலையை அவர்களில் பலர் ‘அட்டாக்கே டி நெர்வியோஸ்’ என்பார்கள், நரம்புத் தாக்குதல். அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேடு 1994இல் இப்பெயரைச் சேர்த்தது. 2013 பதிப்பு, நோயாளி தன் துன்பத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்றறிய 16 கேள்விகள் தந்தது. நல்லதுதான்.

ஆனால் கேட்பவருக்கு ஸ்பானியம் தெரிய வேண்டுமே! பத்து வயது மகள் மொழிபெயர்த்தால், தாய் எதைச் சொல்வார், எதை விழுங்குவார்?

மருத்துவமனைகளில் குடியேற்றக் கைதுகளைத் தவிர்க்கச் சொன்ன வழிகாட்டுதலையும் 2025 ஜனவரியில் அரசு திரும்பப் பெற்றது. வாசலிலேயே பிடித்துவிடுவார்களோ என்று நடுங்குவது நோயல்ல. அரசு உண்டாக்கிய அச்சம். பண்பாட்டை மட்டும் மதித்து இந்த அரசியலைப் பேசாத சிகிச்சை பாதி சிகிச்சைதான்.