பிரதிக் களஞ்சியத்தின் பிழைகள்

லினக்ஸ் கணினியைப் பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய மென்பொருள்களைப் பெரும்பாலும் கடையிலே வாங்குவதில்லை. பொதிகளாகக் கட்டி ஒரு பெருங் களஞ்சியத்திலே வைக்கப்பட்டிருப்பவற்றை இணையத்தின் வழியே எடுத்துக்கொள்வர். 1993இல் இயன் மர்டொக் தொடக்கிவைத்த டெபியன் திட்டத்தின் 12ஆம் வெளியீடு 2023 யூன் மாதத்தில் வந்தபோது அதில் 64,419 பொதிகள் இருந்தன. உலகத்தார் அனைவரும் ஒரே வாயிலில் வந்து நிற்பின் அவ்வாயில் தாங்குமா? ஆகவே பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் அக்களஞ்சியத்தின் பிரதியைத் தம்மிடத்தே வைத்துக்கொள்கின்றன.

பிரதி என்பது ஒருமுறை எடுத்து வைத்துவிடும் பொருளன்று. மூலக் களஞ்சியம் நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகின்றது. தொல்லைகள் பிறப்பது இங்கேதான்.

களஞ்சியத்தில் சரக்கும் உண்டு, கணக்கேடும் உண்டு. ஒவ்வொரு பொதியின் பருமனையும் 64 எழுத்துக்களாலான அடையாளக் கோவையையும் ஏடு கூறும். அவ்வேடுகளுக்கும் அடையாளம் தரும் தலையேடு ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் ‘ரிலீஸ்’. இரகசியச் சாவியினால் ஒப்பமிடப்பட்டது அது. பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் வேளையில் மூலம் மாறிவிட்டால், பழைய தலையேட்டின் கீழ்ப் புதிய ஏடு வந்து சேரும். ‘ஹாஷ் சம் மிஸ்மாட்ச்’ என்று கணினி முறையிடுவது அப்போதுதான். ஏடு முன்னரும் சரக்கு பின்னரும் வந்தாலோ, கேட்ட பொதி இல்லையெனும் 404ஆம் எண் பிழை தோன்றும்.

பரிகாரம் வரிசையிலேயே அடங்கியிருக்கின்றது. முதலிற் பொதிகள் மட்டும் வரவேண்டும். அப்போது எதனையும் அழித்தல் ஆகாது. அடுத்து ஏடுகள் வரவேண்டும். பழைய பொதிகளை நீக்குவது அதன் பின்னரே. 1996இல் அன்ட்ரூ ட்ரிட்ஜெலும் போல் மக்கரசும் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ கருவியை இவ்வாறு இரு கட்டமாக இயக்குதல் வேண்டும். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் முடித்துவிட விரும்புவோர் பலர். அவர்களுடைய பிரதிகளே அடிக்கடி உடைகின்றன.

வட்டு நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது மிக எளிது. எனினும் அதனைக் கடைசியிற் பார்ப்பவரே அதிகம்!

ஒப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்னும் பிழை வேறு வகையானது. சாவி காலாவதியாகியிருக்கலாம், புதிய சாவி கணினிக்கு வந்து சேராதிருக்கலாம். சரிபார்ப்பையே நிறுத்திவிடுவோமே என்று அவசரக்காரர் எண்ணுவர். நிறுத்திவிட்டால், இடையில் நின்று பொதியை மாற்றியவனையும் கணினி உண்மையான களஞ்சியமென்றே நம்பும்.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கான தலையேட்டிலே காலாவதித் திகதியும் பொறிக்கப்பட்டிருக்கும். பிரதி பல நாள் புதுப்பிக்கப்படாது கிடந்தால், அத்திகதி கடந்ததும் கணினிகள் அதனை ஏற்க மறுக்கும். இம்மறுப்பு நன்மைக்கே. அஃதின்றேல், ஓட்டையுள்ள பழைய பொதியையே புதியதென்று நம்பி ஒரு கணினிக்கூடம் முழுவதும் இயங்கிக்கொண்டிருக்கும். சிலவேளை பிரதியிற் குற்றமே இராது. கணினியின் கடிகாரம் பிழையாக ஓடியிருக்கும்.

டெபியன் பிரதிகளில் ‘ட்ரேஸ்’ என்னும் அடைவு ஒன்று உண்டு. மூலம் எப்போது மாறியது, பிரதி எப்போது நிறைவுற்றது என்பன அங்கே எழுதப்பட்டிருக்கும். பிழையொன்று தோன்றியதும் தேர்ந்த நிருவாகி முதலிற் திறந்து பார்ப்பது அவ்விரு நேரங்களையே.