கடிகாரத்துக்குள் ஒரு மீச்சிறு பொது மடங்கு

(குறுவளமையக் கூட்டத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓர் அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. கணினியில் பெரிய பயிற்சி பெற்றவள் அல்ல. "கணினியில் பற்சக்கரம் வரைந்து கடிகாரம் செய்தீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டபோது தயங்கினேன். அந்தச் செயல்பாட்டில் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைத்துவிட்டுப் பேசினால் உங்களுக்குப் பயன் இருக்காது. எனவே அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். "மணி முள் ஒரு சுற்று வருவதற்குள் நிமிட முள் எத்தனை சுற்று வரும்?" என்று கேட்டேன். சிலர் 60 என்றார்கள், சிலர் 24 என்றார்கள். கொஞ்சம் யோசித்தபின் 12 என்று ஒத்துக்கொண்டார்கள். "உள்ளே இருப்பது ஒரே ஓட்டம். அது இரண்டு முட்களை இரண்டு வேகத்தில் எப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

ஓடாமல் கிடந்த ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து திறந்தோம். சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் மேசையில் சிதறின. எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பப் பொருத்தவும் முடியவில்லை. அப்போதுதான் பெரிய அளவில் நாமே வரைந்து, அட்டையில் வெட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

இங்க்ஸ்கேப் என்றொரு வரைகலை மென்பொருள் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். அதில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற மெனுவில் ரெண்டர், அதற்குள் கியர் என்று இருக்கும். பற்களின் எண்ணிக்கை, பல்லின் அளவு, அழுத்தக் கோணம், நடுத்துளையின் விட்டம் ஆகியவற்றைக் கொடுத்தால் சக்கரம் வந்துவிடும். அழுத்தக் கோணத்தை 20 பாகையாகவே வைத்துக்கொண்டோம்.

பல்லின் அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். சக்கரத்தின் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதை மாட்யூல் என்பார்கள். இங்கே விட்டம் என்பது இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று தொடும் கற்பனை வட்டத்தின் விட்டம். நாங்கள் மாட்யூலை 4 மில்லிமீட்டர் என்று எடுத்தோம். 10 பல் சக்கரத்தின் விட்டம் 40 மி.மீ., 30 பல் சக்கரத்தின் விட்டம் 120 மி.மீ. ஆனால் இங்க்ஸ்கேப் கேட்பது மாட்யூலை அல்ல. அந்த வட்டத்தின் மீது ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு உள்ள தூரத்தைக் கேட்கிறது. மாட்யூலைப் பையால் பெருக்கினால் அது கிடைக்கும், 12.57 மி.மீ. ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய எல்லாச் சக்கரங்களுக்கும் இந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். வட்டத்தின் சுற்றளவை நடத்தும் நாளில் இதைச் செய்தால் "பை எதற்கு?" என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

12 மடங்கு வேகக் குறைப்பு வேண்டும். அதை 3 பெருக்கல் 4 என்று பிரித்துக்கொண்டேன். நிமிட முள்ளின் அச்சில் 10 பல் சக்கரம். அது பக்கத்தில் இருக்கும் 30 பல் சக்கரத்தைச் சுழற்றும். அந்த 30 பல் சக்கரத்தோடு ஒட்டிய இன்னொரு 10 பல் சக்கரம், மணி முள்ளுக்கான 40 பல் சக்கரத்தைச் சுழற்றும். மூன்று நான்கு பன்னிரண்டு. கணக்குச் சரி. திரையில் ஒவ்வொரு இணையும் அழகாகப் பொருந்தியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. "டீச்சர், ரெண்டு முள்ளும் ஒரே எடத்துலதானே இருக்கணும்?" என்று கேட்டாள். பாடவேளை முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. "அதெல்லாம் அப்புறம் தானா வந்துடும், உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

தானாக வரவில்லை. அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, வெட்டி, அச்சுகளில் பொருத்தினோம். 10 பல்லும் 30 பல்லும் சேர்ந்த முதல் இணையில் மையங்களுக்கு இடையே 80 மி.மீ. தூரம். 10 பல்லும் 40 பல்லும் சேர்ந்த இரண்டாம் இணையில் 100 மி.மீ. மணி முள்ளின் மையம் நிமிட முள்ளின் மையத்திலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. மென்பொருள் என்னைத் தடுக்கவில்லை. நான் கேட்ட சக்கரங்களை வரைந்து கொடுத்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை மட்டும்தான் கடிகாரத்தை முழுதாக மனத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு குரலைத்தான் நான் உட்கார வைத்தேன்.

அடுத்த சில நாட்கள் அவள் வாயே திறக்கவில்லை. எளிய கேள்வி கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள். அட்டை வீணானதைவிட இதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. ஒருநாள் வகுப்பு தொடங்கியதும் பொருந்தாத அந்த அட்டைச் சக்கரங்களை மேசைமேல் வைத்தேன். "அன்றைக்கு இவள் கேட்ட கேள்விதான் சரி. நான் காதில் வாங்கவில்லை. தப்பு என்னுடையது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, "உன் கேள்வியைக் கணக்காக எழுதலாமா?" என்றேன்.

எழுதினோம். முதல் இணையின் சிறிய சக்கரத்துக்கு அ பற்கள் என்றால் பெரியதற்கு 3அ. கூட்டினால் 4அ. இரண்டாம் இணையின் சிறியதற்கு ஆ பற்கள் என்றால் பெரியதற்கு 4ஆ. கூட்டினால் 5ஆ. முட்கள் இரண்டும் ஒரே மையத்தில் இருக்க வேண்டுமானால், மாட்யூல் ஒன்றே என்பதால், இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக வேண்டும். அந்தத் தொகை 4-க்கும் மடங்கு, 5-க்கும் மடங்கு. "20!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான். மீச்சிறு பொது மடங்கு என்ற சொல்லை அன்று நான் சொல்லவே இல்லை. அவர்களே சொன்னார்கள்.

20 என்றால் சிறிய சக்கரங்களுக்கு 5 பல்லும் 4 பல்லும்தான். நடைமுறைக்கு ஆகாது. 40 என்றால் 10, 30, 8, 32. கடிகாரக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் எண்களில் இதுவும் ஒன்று. எங்கள் அட்டையில் 8 பல் சக்கரம் சிக்கிச் சிக்கி நின்றது. பற்கள் மிகக் குறைந்தால் பெரிய சக்கரத்தின் பல்நுனி சிறியதன் பல்லடியில் இடிக்கும். எனவே 60-க்குப் போனோம். 15, 45, 12, 48. மைய தூரம் 120 மி.மீ. பெரிய சக்கரமும் ஏ4 தாளில் அடங்கியது. அட்டை என்பதால் மைய தூரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டி, பல்நுனிகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோம். ஓடியது.

அப்போது ஒருவன், "ஒரே இணையில 12 மடங்கு வெச்சா என்ன டீச்சர்?" என்று கேட்டான். இந்த முறை நான் அவசரப்படவில்லை. எல்லாரையும் யோசிக்கச் சொன்னேன். இரண்டு காரணங்களை அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒன்று, இரண்டு சக்கரங்கள் பல்லோடு பல் பொருந்தினால் மையம் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டு, ஒரு பொருத்தத்தில் சுழலும் திசை மாறிவிடும். முட்கள் எதிரெதிராக ஓடும். இரண்டு பொருத்தம் இருந்தால் இருமுறை மாறி, பழைய திசையே வந்துவிடும்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். அச்சிடும்போது 100 விழுக்காடு அளவில் அச்சிடுங்கள். தாளுக்குப் பொருத்து என்று கொடுத்தால் அளவு சுருங்கிவிடும். அச்சிட்டதும் அளவுகோலால் சரிபாருங்கள். அட்டையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்தபின் வெட்டுங்கள். நிமிட அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக் போதும். அதில் 15 பல் சக்கரத்தை ஒட்டிவிடுங்கள். மணிச் சக்கரத்தை, ஸ்போக் தாராளமாக நுழையும் ஒரு பிளாஸ்டிக் குழலில் ஒட்டுங்கள். குழலில் மணி முள், ஸ்போக்கின் நுனியில் நிமிட முள். முப்பரிமாணத்தில் பார்க்க விரும்பினால் ஃப்ரீகேட் என்ற மென்பொருளும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் நேரடியாக மாட்யூலையே கொடுக்கலாம்.

அறிவியல் ஆசிரியர்கள் இதைத் தனி ஊசலுடன் இணைக்கலாம். 1656-இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். ஏறக்குறைய 99 செ.மீ. நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்வர 2 வினாடி ஆகும. ஒவ்வோர் அலைவுக்கும் ஒரு பல் நகரும் 30 பல் சக்கரம் 60 வினாடியில் ஒரு சுற்று வரும். அதுதான் வினாடி முள். அங்கிருந்து நிமிட முள்ளுக்கு 60 மடங்கு குறைய வேண்டும். 64-க்கு 8, 60-க்கு 8 என்று வைத்தால் 8 பெருக்கல் 7.5, சரியாக 60. வேறு எந்தெந்த எண்கள் பொருந்தும் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். காரணிப்படுத்துதல் அங்கே தானாக வந்து நிற்கும்.

எங்கள் அட்டைக் கடிகாரம் நேரம் காட்டாது. கையால் சுற்றினால்தான் ஓடும். ஆனால் நிமிட முள்ளை 12 முறை சுற்றும்போது மணி முள் சரியாக ஒரு சுற்று முடிக்கிறது. முதன்முதலில் அதைச் சுற்றியவள் அந்த மாணவிதான். வகுப்பே சேர்ந்து எண்ணியது. பன்னிரண்டாவது சுற்றில் இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் வகுப்பில் அவளாகவே கையைத் தூக்கி, "வினாடி முள்ளும் அதே எடத்துல இருக்கே டீச்சர், அது எப்படி?" என்று கேட்டாள்.

பாடவேளை முடிய அன்றும் ஐந்து நிமிடம்தான் இருந்தது. கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, "அழிக்க வேண்டாம்" என்று பக்கத்தில் குறித்துவிட்டு வந்தேன். இப்போது அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம்.