கடற்காற்றும் பறவைகளின் வழியும்

கோவைக்கு மேற்கே, கேரளத்தின் அட்டப்பாடியைத் தொட்டு நிற்கும் மலையூர் ஆனைகட்டி. கடலுக்கும் அதற்கும் வெகுதூரம். ஆயினும், கடலில் காற்றாலை அமைப்பதைப் பற்றிய பேச்சை அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 1990-இல் தோன்றிய சாலிம் அலி பறவையியல் மையம் அவ்வூரில்தான் இயங்குகிறது.

விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயிலின் சன்னல் வழியே காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய முயற்சி அது. இப்போது நாட்டம் கடலின்மேல் சென்றிருக்கிறது. அங்கே காற்றை மறிக்க மலையுமில்லை, மரமுமில்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எண்மடங்காகும். ஆசை எழுவதில் வியப்பென்ன? டென்மார்க்கு நாட்டினர் 1991-லேயே விண்டபி என்னுமிடத்தில் கடலுக்குள் பதினோர் ஆலைகளை நாட்டினர்.

நம் நாட்டில் இதற்கான கொள்கை 2015-இல் வெளியாயிற்று. 2024 ஜூனில், குசராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட் என்று கணக்கிட்டு, 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. எனினும், விடுக்கப்பட்ட ஒப்பந்த அழைப்புகள் 2025-இல் திரும்பப் பெறப்பட்டன. இந்தத் தாமதத்தை வீண் என்று நான் கருதவில்லை.

ஏனெனில், ஆனைகட்டி மையத்தார் கட்சுப் பகுதியிலும் கருநாடகத்திலும் காற்றாலைகளில் மோதி மாளும் பறவைகளை ஆராய்ந்திருக்கின்றனர். நிலத்தில், கோபுரத்தின் அடியில் தேடினால் இறந்த பறவை அகப்படும். (நரியும் நாயும் முந்திக்கொள்ளாவிடில்!) கடலிலோ அலை அதனைக் கொண்டுபோய்விடும். பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆலை எழுமுன்னரே எண்ணியாக வேண்டும். தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வந்து சேரும் பருவம் எது, இரவில் வலசை செல்பவை எவ்வளவு உயரத்தில் பறக்கின்றன என்பவற்றை ரேடார் கொண்டும் கண் கொண்டும் இரண்டு ஆண்டுகளேனும் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும், பவளப் பாறைகளும், ஆவுளியா என்னும் கடற்பசுவும் உள்ளன. தூண்களையும் மின்கம்பிகளையும் எங்கே இறக்குவது என்பதற்கு இவையும் எல்லை வகுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மீனவர்கள் இருக்கின்றனர். வலை வீசும் இடமும் படகு செல்லும் தடமும் போய்விட்டால், மின்சாரம் வந்தும் அவர்களுக்கு என்ன பயன்? பறவைகள் வட்டமிடுவதைக் கண்டே மீன் திரளும் இடத்தை அறிபவர்கள் அவர்கள். வரைபடம் தீட்டும் பொறியாளர், கோடு கிழிக்குமுன் அவர்களுடைய படகில் ஏறிச் சென்று கேட்டறியலாம்; இப்போது அதற்குக் காலமும் இருக்கிறது.