கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே



திருகோணமலைப் பட்டணத்திலிருந்து வடக்கே, உப்புவெளியைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் எங்கள் சல்லி. முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் ஊரை அறிவீர்கள். வருகிறவர்கள் கோயிலைக் கும்பிடுவார்கள், கடலைப் பார்ப்பார்கள். இன்றைக்கு நான் உங்களை ஒரு வீட்டு வளவின் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன். ஒரு மூலையில் கிணறு. மணல் நிலம், ஆழத் தோண்ட வேண்டியதில்லை, தண்ணீர் தானாக ஊறும். மற்ற மூலையில் மலசலகூடம். இந்த இரண்டையும் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் நினைவு வரும். அவர் கடலே இல்லாத பீகாரில் பிறந்தவர். பெயர் பிந்தேஷ்வர் பாடக்.

அவரைப் பற்றிச் சொல்லும் முன் என் அம்மம்மா சொன்ன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவ சின்னப் பிள்ளையாகப் பட்டணத்தில் இருந்த காலத்தில் வாளிக் கக்கூசுதான். வீட்டின் பின்சுவரில், தரையோடு ஒட்டி ஒரு சிறு தகரக் கதவு இருக்கும். விடியுமுன் ஒழுங்கையால் ஒருவர் வந்து அந்தக் கதவைத் தூக்கி, வாளியை இழுத்தெடுத்துக்கொண்டு போவார். "கதவுச் சத்தம் கேட்டிருக்கிறேன் பிள்ளை, ஆளின் முகத்தைப் பார்த்ததில்லை" என்பா அம்மம்மா. அப்படிச் சொல்லும்போது அவவின் குரல் இறங்கிப்போகும்.

பாடக் 1943ஆம் ஆண்டு, பீகாரின் வைசாலிப் பகுதியில், ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில், தீண்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணை அவர் தொட்டுவிட்டார். அதற்காகப் பாட்டியார் அவருக்குப் பசுஞ்சாணமும் கோமியமும் கங்கை நீரும் கொடுத்து விழுங்க வைத்தார். பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் பாடக் இதைச் சொன்னார்.

குற்றவியல் படிக்க வேண்டுமென்று அவர் ரயிலேறிப் போகையில், ஹாஜிப்பூர் நிலையத்தில் தெரிந்தவர்கள் கண்டு, பாட்னாவில் நல்ல வேலை இருக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். இறங்கிப் போனால் அந்த வேலை இல்லை. 1968இல் காந்தி நூற்றாண்டு விழாக் குழுவில் ஏதோ ஒரு பணி கிடைத்தது. மலம் அள்ளும் மக்களை அந்தத் தொழிலிலிருந்து மீட்பது எப்படி என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் பெத்தியா என்ற ஊரில் அந்த மக்களின் குடியிருப்பிலேயே போய்த் தங்கினார். அங்கே, புதிதாகக் கலியாணம் முடித்து வந்த ஒரு பெண்ணை மலம் அள்ளப் போகும்படி மாமனார் மாமியார் வற்புறுத்த, அவள் அழுதுகொண்டு நின்றதைக் கண்டார். இன்னொரு நாள் ஒரு பையனை மாடு முட்டியது. தூக்க ஓடியவர்கள், அவன் அந்தக் குடியிருப்புப் பிள்ளை என்று யாரோ சத்தமிட்டதும் பின்வாங்கினார்கள். பையன் பிழைக்கவில்லை.

1970இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் சுலப். நாம் சொல்லும் சுலபம் என்ற சொல்தான் அது. ஆனால் முதல் மூன்று வருடங்களும் பட்டினிதான். மனைவியின் நகைகள் போயின. மருமகன் என்ன தொழில் செய்கிறார் என்று ஊருக்குச் சொல்ல முடியவில்லையே என்று மாமனார் குமுறினார். 1973இல் ஆரா என்ற ஊரின் நகரசபை, இரண்டு மலசலகூடங்கள் கட்டிக் காட்டும்படி 500 ரூபாய் கொடுத்தது. அதுதான் தொடக்கம்.

அவர் கட்டியது என்ன? ஒரு சாய்வான கோப்பை, பக்கத்தில் இரண்டு குழிகள். ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும்தான் போகும். அது நிரம்ப ஏறக்குறைய மூன்று வருடமாகும். நிரம்பியதும் மற்றக் குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிவைத்த குழியில் கிடப்பது இரண்டு வருடத்தில் காய்ந்து, நாற்றமில்லாத எருவாகிவிடும். மண்வெட்டியால் வெட்டிக் கத்தரித் தோட்டத்துக்குப் போடலாம். ஒரு தடவை ஊற்ற ஒன்றரை லீட்டர் தண்ணீர் காணும். மலவாளியைத் தூக்க யாரும் விடியுமுன் ஒழுங்கைக்கு வரத் தேவையில்லை. இரட்டைக் குழி என்ற எண்ணம் அவர் காலத்துக்கு முன்பே இருந்த ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 1958இல் வெளியிட்ட ஒரு நூலைப் படித்துத்தான் அவரும் தெளிந்தார்.

அவருடைய பெருமை நான் நினைக்கிறபடி வேறோர் இடத்தில் இருக்கிறது. நன்கொடை கேட்டுத் திரியாதே, செய்யும் வேலைக்குக் கூலி வாங்கு என்று ஒரு மூத்த அரசாங்க அதிகாரி அவருக்குப் புத்தி சொன்னார். பாடக் அதைப் பிடித்துக்கொண்டார். சுலப்பின் ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள், பேசிச் சம்மதம் வாங்கினார்கள், அரசாங்க உதவிக்கான கடிதத்தை எழுதிக் கொடுத்தார்கள், கட்டினார்கள். கட்டி முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு உத்தரவாத அட்டை கொடுத்தார்கள். பழுதானால் திரும்பி வந்து பார்ப்போம் என்ற எழுத்து அது. எத்தனையோ திட்டங்கள் நம் ஊர்ப் பக்கமும் வந்தன. பலகை நட்டார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். குழி இடிந்த நாளில் வீட்டுக்காரி யாரிடம் போவாள்? திரும்பி வருகிற ஆளைத்தான் சனம் நம்பும்.

1974இல் பாட்னாவில் காசு கட்டிப் பயன்படுத்தும் பொது மலசலகூடம் ஒன்றைத் திறந்தார். இதற்கு யார் காசு கொடுப்பான் என்று சிரித்தவர்கள் பலர். முதல் நாளே ஐந்நூறு பேர் வந்தார்கள். 1991இல் பத்மபூஷண், 2009இல் ஸ்டொக்ஹோம் நீர் விருது. 2023 ஆகஸ்ட் 15ஆம் திகதி, டெல்லியில் தமது அலுவலகத்தில் கொடியேற்றிய சற்று நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.

விருதுகளை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ராஜஸ்தான் அல்வாரின் உஷா சௌமர். சிறு பிள்ளையாக மலக்கூடை தூக்கத் தொடங்கியவர், பத்து வயதில் கலியாணம். 2003இல் பாடக்கைச் சந்தித்தபின் கூடையைக் கீழே வைத்தார். சுலப் நிறுவனத்தின் தலைவியானார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனாலும் இந்தியாவில் மலக்குழிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவர்களின் செய்தி இன்னும் வருகிறது. அது என் நெஞ்சை அறுக்கிறது.

இனிச் சல்லிக்கு வருகிறேன். எங்கள் மணலில் தண்ணீர் மேலேயே நிற்கும். மாரிக்கு இன்னும் ஏறும். இப்படிப்பட்ட நிலத்தில் குழியின் அடியை அடைத்து, சுற்றிவர அரை மீற்றர் தடிப்பில் நுண்மணல் போட வேண்டும் என்பது இரட்டைக் குழி கட்டுகிறவர்களின் விதி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நம்மிடம் சொல்லிவருகிறார்கள்.

போன கிழமை என் வளவில் கயிறு பிடித்து அளந்தேன். குழியிலிருந்து எங்கள் கிணற்றுக்கு 54 அடி. நிம்மதியாக இருந்தது. கயிற்றைச் சுருட்டும்போதுதான் வேலிக்கு அப்பால் பார்த்தேன். பக்கத்து வளவு மாமி கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தா. கயிற்றை அந்தப் பக்கம் நீட்டினேன். 31 அடி. அன்றைக்கே மாமியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். புதுக்குழிக்கு இப்போது தென்மூலையில் முளை அடித்திருக்கிறது.