ஓரணாவும் ஓராயிரமும்

(தரமணியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2000-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட டைடல் பூங்கா, இந்தத் தரமணியிலே தலைநிமிர்ந்து நிற்கிறது. கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே கணிப்பொறிகள் ஓய்வின்றி இயங்குகின்றன. அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் தாயின் மகள் பள்ளியிலே இருக்கிறாளா, பாதியிலே நின்றுவிட்டாளா? இந்தக் கேள்விக்கு விடை காணாமல், வளர்ச்சி, வளர்ச்சி என்று வாய் வலிக்கப் பேசி என்ன பயன்?

"பள்ளியிலே சம்பளம் கேட்பதில்லையே, பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?" என்று கேட்போர் உண்டு. சம்பளம் இல்லை, மெய்தான். பசி இல்லையா? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் வீட்டில் இருந்தாலன்றித் தாய் வேலைக்குப் போக முடியாத நிலை இல்லையா? ஏழை தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது இரண்டு செலவு செய்கிறான். கைப்பணம் போவது ஒன்று. அந்தப் பிள்ளை கொண்டுவந்திருக்கக்கூடிய கூலி வராமற் போவது மற்றொன்று. முதற் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது செலவு அடுப்பங்கரைக்கு மட்டுமே தெரிகிறது! அதை ஈடுகட்டத்தான் பொதுப்பணம் வேண்டும் என்கிறோம். அது பிச்சையன்று, பிள்ளையின் உரிமை.

ஓரணா செய்த வேலை

இதை நம்மவர் இன்று நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. 1920-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கிட ஒப்புதல் அளித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவிற்று. விளைவு என்ன? நான்கு பள்ளிகளிலே 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25-இல் 1,671 ஆயிற்று! வாத்தியார் வீடு வீடாகச் சென்று அழைத்தும் வராத பிள்ளைகளை, ஓரணாச் சிற்றுண்டி அழைத்து வந்தது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1925 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அந்தச் சிற்றுண்டி நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் வராமற் போனார்களா? இல்லை. பலன் தரவில்லையா? மேலே சொன்ன கணக்கே சாட்சி. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஒப்பமாட்டோம் என்றது வெள்ளையர் ஆட்சி. எந்தத் தலைப்பிலே பற்று எழுதுவது என்ற வழக்கிலே, சிறுவன் கையிலிருந்த சோறு பறிபோயிற்று!

சட்டமான சோறு

1956-இலே காமராசர் ஆட்சியில் மதிய உணவு ஊரெங்கும் பரவிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989-க்குப் பின் கலைஞர் ஆட்சியில் அதனோடு முட்டை சேர்ந்தது. ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. 2001 நவம்பர் 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம், நாடு முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்கிட ஆணையிட்டது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்ட உரிமையாகவே ஆக்கிற்று. இனி எந்தக் கணக்கரும் ஒரு பேனாக் கோட்டால் அதை அழித்துவிட முடியாது.

இப்போது காலை உணவைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையிலே 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கிற்று. 2025 ஆகஸ்டு 26-இல், நமக்கு அண்டையிலுள்ள மயிலையிலேயே, நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதே 2022 செப்டம்பர்த் திங்களில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது.

இதே தரமணியிலே அரசினர் பெண்கள் பாலிடெக்னிக் இருக்கிறதே, அது யார் பெயர் தாங்கி நிற்கிறது? டாக்டர் தருமாம்பாள் பெயர்! புதுமைப் பெண் திட்டம் யார் பெயரால் நடந்த திருமண உதவியிலிருந்து உருமாறிற்று? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால்! 1938-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போரிலே சிறை புகுந்த வீராங்கனையர் இருவர். மணமேடைக்குச் சென்ற பணம், இன்று கல்லூரி வாயிலுக்குச் செல்கிறது என்றால், அந்தத் தாய்மார் கண்ட கனவன்றோ அது!

ஆணையா? சட்டமா?

ஆனால் தோழர்களே, மகிழ்ச்சியிலே மயங்கிவிடலாகாது. காலை உணவும் ஆயிரம் ரூபாயும் அரசாணையால் பிறந்தவை. ஆணையால் பிறந்தது, மற்றோர் ஆணையால் அடங்கவும் கூடும். ஓரணாவுக்கு 1925-இல் நேர்ந்தது, ஓராயிரத்துக்கு நேராதென்று யார் உறுதி கூறுவார்?

அச்சம் வீண் என்பீரா? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு உரிய 2,152 கோடி ரூபாயை டெல்லி சர்க்கார் நிறுத்தி வைத்தது. பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்திலே கையெழுத்திட வேண்டும், அதன்வழி புதிய கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்பதே காரணம். 2025 மே திங்களில் தமிழ்நாடு உச்சநீதிமன்றம் சென்றது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு உரிய 25 விழுக்காட்டு இடங்களும் அவ்வாண்டு உரிய காலத்தில் நிரப்பப்படவில்லை. கொள்கையிலே பெரியவர்கள் மோதட்டும். அந்த மோதலுக்குப் பிணையாகப் பிள்ளையின் இடத்தையா வைப்பது? சட்டத்தின்படி தர வேண்டிய பணத்தைக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சென்னை உயர்நீதிமன்றமும் 2025 ஜூனில் எடுத்துரைத்தது. அதே தீர்ப்பிலே, டெல்லி தரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் கடமையைத் தட்டிக்கழிக்க இயலாது என்றும் கூறிற்று. அதையும் நாம் மறைக்க வேண்டாம்; நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

ஆகவே நம் கோரிக்கை ஒன்று: பிள்ளையைப் பள்ளியிலே நிறுத்தி வைக்கும் பணம், சட்டத்தாலே காக்கப்பட வேண்டும். அரசு மாறினாலும் அது மாறலாகாது.

நம் கடமையும் ஒன்று உண்டு. கொடி ஏற்றிக் கூட்டம் போடுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. உங்கள் தெருவிலே பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பிள்ளை யார் என்று பட்டியல் எடுங்கள். வங்கிக் கணக்கு இல்லாததால், சான்றிதழ் கிடைக்காததால், உதவித்தொகை பெறாத பெண் யார் என்று கேளுங்கள். மனு எழுதிக் கொடுங்கள்; கூடவே அலுவலகத்துக்கும் செல்லுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு பிள்ளை திரும்பிச் சென்றாலும், அது நாம் பெற்ற வெற்றியே!

ஓரணா 811-ஐ 1,671 ஆக்கிற்று. ஒரு பேனாக் கோடு அந்த ஓரணாவை நிறுத்திற்று. இரண்டையும் மறவாதீர்!