108 வண்டிக்கு எந்தத் தெரு என்று சொல்வது?

(கிராமப்புறத் தோழர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு பதினொரு மணி. சேரியில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. 108-க்குப் போன் போடுகிறோம். எந்த மாவட்டம், எந்த ஊர் என்று கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறோம். எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்கும்போதுதான் திணறுகிறோம். ஊருக்குள் வடக்குத் தெரு, தெற்குத் தெரு, பிள்ளையார் கோயில் தெரு என்று தெருவுக்கொரு பெயர் இருக்கிறது. நம் பக்கம் நூற்றைம்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெயர்: காலனி.

பகலாக இருந்தால் வண்டிக்காரர் டீக்கடையில் விசாரிப்பார். இரவில் யாரைக் கேட்பார்? நம் பையன் ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போய் நிற்கிறான். தமிழ்நாட்டில் 108 சேவை வந்தது 2008-இல். இன்னமும் பல சேரிகளுக்கு வழிகாட்டிப் பலகை அந்தப் பையன்தான்.

கதவு எண் இல்லையா என்றால், இருக்கிறது. வீட்டு வரி ரசீதில் 3/147 என்பதுபோல் போட்டிருப்பார்கள். பக்கத்தில் புது வீடு எழும்பினால் 147ஏ. அது வரி வாங்குவதற்குப் போட்ட எண், வழி தேடி வருகிறவருக்குப் போட்டதல்ல. சேரி தனி வார்டாக இருந்துவிட்டால் அந்த எண்ணே சாதிச் சான்றிதழ் ஆகிவிடும். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் சாதிப் பெயருள்ள தெருக்கள், குடியிருப்புகளின் பெயரை மாற்ற அரசாணையும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு சொல்லை வைத்தால், மறுபடியும் நூற்றைம்பது வீட்டுக்கு ஒரே பெயர்தானே? ரோஜா நகர் என்று வைத்தாலும் ஆறே மாதத்தில் 'ரோஜா நகர்க்காரனா நீ' என்று கேட்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கிராமப்புற வீடுகளுக்கு எண் போட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சாலை தொடங்கும் இடத்திலிருந்து வீட்டு நுழைவு வரை எத்தனை மீட்டர் என்று அளந்து, பத்தால் வகுப்பார்கள். 235 என்றால் 2350 மீட்டர் தூரம். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். வண்டியின் மீட்டரைப் பார்த்தே ஓட்டுநர் வீட்டை நெருங்கிவிடலாம். அங்கே பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமைகளை நான் மறக்கவில்லை. எடுத்துக்கொள்ளச் சொல்வது இந்தக் கணக்கை மட்டும்.

நம் வீடுகள் நெருக்கம் என்பதால் இரண்டு மீட்டருக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்ளலாம். பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி ஊர் 290-இல் முடியும். அதே சாலையில் சேரி 600-இல் தொடங்கும். நடுவில் 620 மீட்டர் வயல். அந்த இடைவெளி எண்ணிலும் தெரியுமே என்று ஒரு தோழர் கேட்டார். தெரியும்தான். அது எண் உண்டாக்கிய இடைவெளி அல்ல. ஊருக்கும் சேரிக்கும் ஒரே சாலைப் பெயர், ஒரே தொடக்கப் புள்ளி என்பது இன்றைக்குக் கிடையாது, அதைத்தான் கேட்கிறோம். சேரிக்குள் கிளை பிரியும் ஒவ்வொரு சந்துக்கும் தனிப் பெயரும் வேண்டும்.

பலகையை எங்கே நடுவது என்பதில்தான் சண்டை வரும். மெயின் ரோடு திருப்பத்தில் நட வேண்டும். அங்கே நட்டால் தார் பூசுவார்கள், பிடுங்கிப் போடுவார்கள். அதனால் இதை நம் கொடிக்கம்பத்தோடு சேர்க்காதீர்கள். அம்பேத்கர் படம் போட்ட பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வேறு வேலை. இது ஊர்த் தெருவுக்கும் சேரித் தெருவுக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், வண்டி விளக்கு பட்டால் மின்னுகிற எழுத்தில் அரசு நடுகிற பலகை. சேதப்படுத்தினால் அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு வரும்.

பலகை இருந்தும் வண்டி நுழையப் பாதை இல்லாத சேரிகள் உண்டு. அதை இன்றைக்குப் பேச நேரமில்லை.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது திருப்பத்திலிருந்து கடைசி வீடு வரை டேப் பிடித்து அளந்த தாளோடு போங்கள். தீர்மானத்தில் 'காலனிக்கு' என்று எழுதாதீர்கள். 'ஊராட்சியின் எல்லாத் தெருக்களுக்கும்' என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.