கிளட்ச் கேபிளும் கடைசி நட்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தொழில் விஷயத்தைப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். பெரிய விஷயங்களைப் பேசப் பெரியவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். எனவே நான் ஒரு கிளட்ச் கேபிளைப் பற்றிப் பேசுகிறேன். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். ஆனால் கையால் கட்டிய வண்டி எதுவானாலும் கடைசியில் காலை வாருவது பெரும்பாலும் இதுதான்.

உதிரிகளை வாங்கித் தாமே கார் கட்டுவது இங்கிலாந்தில் பழைய பழக்கம். 1957இல் லோட்டஸ் நிறுவனம் தனது 'செவன்' காரை உதிரிகளாகவும் விற்றது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரிகளுக்குக் கிடையாது என்பதுதான் அதன் ரகசியம். 1973இல் வரி முறை மாறியதும் அந்தச் சலுகை போயிற்று. நம்மிடமும் ஆட்கள் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையம் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2007 முதல் நடந்துவரும் பாஹா போட்டிக்காக நம் போன்ற கல்லூரி மாணவர்களும் பைப்பை வளைத்து வெல்டிங் வைத்து வண்டி கட்டுகிறார்கள்.

நான் சொல்லப் போகும் வண்டி இந்த வரிசையில் சேராது. மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் உள்ள பெரியதாழை எங்கள் ஊர். அங்கே ஃபைபர் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஐஸ் பெட்டியும் வலையும் அவுட்போர்டு மோட்டாரும் மணலில் ஏற்றி இறக்க ஒரு வண்டி கட்டினார். பைப் சட்டம். பழைய சிறிய கார் ஒன்றின் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்பக்கம். உடம்பு மட்டும் படகுக்குப் போடும் அதே ஃபைபர். சாலைக்கு வராது, வரவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு இடம் தராது. கடற்கரையோடு சரி.

விடுமுறைக்குப் போயிருந்தபோது என்னைப் பிடித்துக் கொண்டார். "தம்பி, இது மூணாவது கேபிளு. மாத்துன பதினஞ்சு நாளுல பழையபடி இறுகிப் போவுது. காலு வலிக்குல்லா!" என்றார்.

கால் வலி மட்டும் என்றால் நான் இவ்வளவு தூரம் பேச மாட்டேன். அதற்கு முந்திய வாரம், காலை ஏல நேரத்தில், கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியர் போட்டிருக்கிறார். மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, வண்டி மீன் கூடைகளைச் சுற்றி நின்ற கூட்டத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த மகன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குனிந்து கூடை அடுக்கிக் கொண்டிருந்த ஒரு ஆச்சிக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்ததாம்.

உள்ளூர் மெக்கானிக் கேபிள் நட்டை முறுக்கினார். கியர் சுலபமாக விழுந்தது. நாலு நாளில் வேறு வியாதி: எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை. நட்டைத் தளர்த்தினால் கியர் கரகரவென்கிறது, முறுக்கினால் பிளேட் வழுக்குகிறது.

காரணம் எளிது. பெடலை லேசாக அழுத்தினால் கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும். அதைத்தான் 'ஃப்ரீ ப்ளே' என்கிறோம். பல சிறிய கார்களில் இது 15 முதல் 25 மி.மீ. வரை, அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. இது அதிகமானால் பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் பிரியாது. இல்லாமலே போனால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், பிளேட் முழுதாகப் பிடிக்காது. பிளேட் தேயத் தேய இந்த ப்ளே குறையும், கூடாது. ஆகவே இன்று இறுக்கமாக வைத்தவன் அடுத்த மாதம் பிளேட்டைக் கருக்குவான். நட்டு என்பது தேய்மானத்தைச் சரிக்கட்ட வைத்தது. வேறு இடத்தில் தொலைந்த அசைவை நட்டில் தேடினால் கிடைக்காது.

எங்கே தொலைந்தது என்று அளந்து பார்த்தோம். கருவி ஒன்றும் பெரிதில்லை. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைப் பெடலில் மாட்டி இழுத்தேன். 18 கிலோ காட்டியது. கேபிளைக் கழற்றி கியர்பாக்ஸ் லிவரைத் தனியாக இழுத்தால் 25 கிலோ. பெடலின் நெம்பு விகிதம் ஐந்துக்கு ஒன்று. அப்படியானால் காலுக்கு வர வேண்டியது 5 கிலோதானே? மீதி 13 கிலோ எங்கே போகிறது?

துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். பொல்லார்டில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒரே ஆள் பெரிய படகைப் பிடித்து நிறுத்திவிடுவார். முதலாண்டில் படித்த பெல்ட் உராய்வுச் சூத்திரம்தான் அது. வளைவின் கோணம் கூடக்கூட பிடிப்பு மடங்கு மடங்காக ஏறும். அங்கே நமக்கு உதவுகிற அதே உராய்வு கேபிளுக்குள் நம் காலோடு சண்டை போடுகிறது. அந்தப் பெடல் முன்பக்க எஞ்சினுக்காகச் செய்தது. கேபிள் முன்னால் வெளியே வந்து, 180 டிகிரி திரும்பி, இருக்கைக்கு அடியில் ஓடி, கியர்பாக்ஸ் அருகே இன்னும் 120 டிகிரி வளைந்தது. மொத்தம் 300 டிகிரி! உராய்வுக் கெழு 0.15 என்றால் இழுவை 2.2 மடங்கு, அதாவது காலுக்கு 11 கிலோ. உள்குழாய் கெட்டு 0.25 ஆனால் 3.7 மடங்கு, 18 கிலோ. தராசு பொய் சொல்லவில்லை. திரும்பும்போதும் இதே உராய்வு குறுக்கே நிற்பதால் பெடல் சோம்பலாக மேலே வரும்.

அடுத்தது பிராக்கெட். கேபிளின் உள்கம்பி எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு வெளிக்குழாய் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கும் இடம் அசையக் கூடாது. இங்கே அது ஃபைபர் பலகையில் இருந்தது. மகனை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பலகை 6 மி.மீ. உப்பியது. கேபிளின் மொத்த அசைவே 25 மி.மீ. கால் பங்கு பலகையிலேயே போய்விட்டது. வண்டி கட்டும் தம்பிகள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். தனி ஆளுக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் பதினைந்து நாளில் புதுக் கேபிள் ஏன் இறுக வேண்டும்? வளைவு அதற்கு விடை சொல்லவில்லை. கழற்றிய மூன்று கேபிள்களையும் வாங்கி, ஒன்றை நீளவாக்கில் பிளந்தேன். துரு அதிகம் இல்லை. உள்ளே இருந்த நைலான் குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. சூடு எங்கிருந்து வந்தது? சைலன்சர் ஒரு முழம் தள்ளி இருந்தது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த எர்த் பட்டையை உப்புக் காற்று தின்றுவிட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் கரண்டைக் கடத்தாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கும் மேலான கரண்ட் திரும்பிப் போக வழி வேண்டுமே! எஞ்சினையும் சட்டத்தையும் சேர்த்த கனமான உலோகம் இந்தக் கேபிள் ஒன்றுதான். ஒவ்வொரு தடவை சாவி திருப்பும்போதும் அது ஹீட்டர் கம்பியாக வேலை பார்த்திருக்கிறது. மீட்டர் இல்லாதவர்கள், நாலைந்து முறை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கேபிள் முனையைத் தொட்டுப் பார்த்தாலே போதும். சூடு தெரியும்.

வைத்தியம் ஒரு நாள் வேலை. இரண்டு புது எர்த் பட்டைகள், பெயிண்டைச் சுரண்டிய வெள்ளை இரும்பில். மேலே கிரீஸ் பூச்சு. பெடலின் சுழல் ஊசிக்கு மேலே இருந்த கொக்கியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே 50 மி.மீ. தள்ளி ஒரு காது வெல்டிங் வைத்தோம். இப்போது மிதித்தால் கொக்கி முன்னால் போகும். கேபிள் நேராகப் பின்னால் ஓடலாம். 180 டிகிரி வளைவு அடியோடு ஒழிந்தது. வெளிக்குழாய்க்குச் சட்டத்திலேயே ஆங்கிள் பிராக்கெட், அதற்கு முக்கோணத் தகடு. பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப்பர் போல்ட். அது இல்லாவிட்டால் கடல் வேலை செய்த கால் கேபிளை அறுத்துவிடும். கேபிள் முனைகளுக்கு ரப்பர் உறை. நைலான் உள்ள கேபிளுக்குள் கிரீஸ் திணிக்க வேண்டாம் என்று மன்றாடினேன். கிரீஸும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் நட்டைத் தொட்டோம். 20 மி.மீ. ப்ளே வைத்து லாக் நட்டை இறுக்கினோம். தராசு 7 கிலோ காட்டியது. கிளட்சை மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டால் சத்தமில்லை. ஹேண்ட் பிரேக் இழுத்து டாப் கியரில் மெல்லக் கிளட்சை விட்டால் எஞ்சின் உடனே நின்றது. வழுக்கல் இல்லை என்று அர்த்தம்.

ஹைட்ராலிக் வைத்தால் என்ன என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க நினைப்பது தெரிகிறது. வளைவைத் தவிர்க்கவே முடியாத வண்டிக்கு அதுதான் சரி. ஆனால் கடற்கரையில் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு சீல் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது? கேபிளை இரண்டு ஸ்பேனரும் ஒரு டார்ச்சும் இருந்தால் அவரே மாற்றிக் கொள்வார்.

அந்த நாலாவது கேபிள் பதினாலு மாதமாக ஓடுகிறது. மாதம் ஒரு முறை ப்ளே அளந்து பார்க்கிறார்; ஒரு முறைதான் நட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. போன வாரம் போன் செய்தபோது, "கிளட்ச் கிடக்கட்டும் தம்பி, இப்ப ஹேண்ட் பிரேக் சரியா நிக்கமாட்டேங்கு" என்றார். அந்தக் கேபிளையும் அதே 180 டிகிரி திருப்பித்தான் கொண்டு போயிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.